கோழிக்குப் பாதி வருஷம், தோட்டத்துக்குப் பாதி

எங்கள் வீட்டில் அத்தை கோழிக் கட்சி, மாமா தோட்டக் கட்சி. நான் வாக்கப்பட்டு வருவதற்கு முன்பிருந்தே இந்த வழக்கு நடக்கிறது. கோழி என்றால் மண்ணைச் சீய்க்கும், சீய்த்த மண்ணில் நாற்று நிற்காது. கொத்தமல்லி விதைத்து, மண்ணை விரலால் மூடி, பூவாளியில் தண்ணீர் தெளித்துவிட்டு உள்ளே போனால், அந்த ஈரம் காய்வதற்குள் ஒரு பெட்டைக்கோழி குஞ்சுகளோடு பாத்தியில் இறங்கியிருக்கும். ஈர மண்ணில்தான் புழு மேலே வரும் என்று அதற்குத் தெரியும். அதன்மேல் குற்றம் சொல்லவும் முடியாது.

நாங்கள் இருப்பது சேலத்தை அடுத்த குப்பனூர் பக்கம், சேர்வராயன் மலை அடிவாரத்தில். வீடு, கிணறு, அதையொட்டி ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான நிலம், நாலு பக்கமும் கிளுவை வேலி. கொட்டச்சேடு வழியாக ஏற்காட்டுக்கு ஏறும் வண்டிகளின் விளக்கு ராத்திரியில் வாசலில் இருந்தே தெரியும். மேலே 1,500 மீட்டர் உயரத்தில் காபியும் மிளகும் விளைகின்றன. கீழே எங்களுக்கு மரவள்ளி, பாக்கு, மா. கணவர் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறார். நான் ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலையில் கணக்கு எழுதுகிறேன். ஆகவே பகலில் நிலம் மாமா, அத்தை பொறுப்பு. விடிகாலையும் சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் எங்களுக்கும் பிள்ளைகளுக்கும். காய், கீரை, முட்டை மூன்றும் பெரும்பாலும் வீட்டிலேயே கிடைத்துவிடுகின்றன. விற்பதற்கென்று எதையும் வளர்ப்பதில்லை, மிஞ்சினால் விற்போம்.

தற்சார்பு வாழ்க்கை என்று வரும் காணொளிகளை நானும் விரும்பிப் பார்ப்பேன். கோழிகள் மேய்ந்துகொண்டிருக்கும், பக்கத்திலேயே தக்காளி காய்த்துத் தொங்கும். அந்தத் தக்காளி நாலு இலை நாற்றாக இருந்தபோது அந்தக் கோழிகள் எங்கே இருந்தன என்பதை மட்டும் யாரும் காட்டமாட்டார்கள். கோழியும் காய்கறியும் ஒரே இடத்தில் வளர்க்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். எங்கள் வீட்டில் அதற்குக் கிடைத்த பதில், இடத்தைப் பிரிக்காமல் வருஷத்தைப் பிரிப்பது. ஆனிக் கடைசியில் இருந்து பொங்கல் வரைக்கும் நிலம் தோட்டத்துக்கு. பொங்கல் கழிந்ததில் இருந்து ஆனி வரைக்கும் கோழிக்கு.

இந்தப் பிரிவினைக்கு இங்கே பெய்கிற மழைதான் கணக்கு. சேலத்துக்குத் தென்மேற்குப் பருவமழையிலும் பங்கு உண்டு, வடகிழக்குப் பருவமழையிலும் பங்கு உண்டு. ஆடியில் விதைத்தால் ஆவணி, புரட்டாசியில் சாயங்கால இடிமழை பிடித்துக்கொள்ளும். மதியம் வரை வெயில் கொளுத்தும், நாலு மணிக்கு மலை உச்சி கறுக்கும், ஆறு மணிக்குள் வாசலில் தண்ணீர் ஓடும். இந்த மழையை நம்பித்தான் ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்றார்கள். மாமா அவரை, பீர்க்கு, புடலை மூன்றையும் ஆடிக்குத்தான் போடுவார். தையில் போட்டால் கிணற்றுத் தண்ணீரில் காப்பாற்ற வேண்டியிருக்கும், மாசி தாண்டினால் எங்கள் கிணறு அதற்குத் தாங்காது.

தோட்டத்தின் பாதியில் கோழிகள் பட்டியில் அடைபடும். அந்த அடைப்புக்கு முன்னால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். திறந்த நிலத்தில் மேய்ந்த கூட்டத்தை அப்படியே பட்டிக்குள் தள்ளினால் சண்டை வரும், ஒன்றை ஒன்று கொத்தும், சீக்கும் வரும். பெட்டைகளை அத்தை விடமாட்டார். போவது சேவல்கள்தான். ஒன்று மட்டும் வளர்ப்புக்கு நிற்கும், மற்றவை வியாபாரியிடமோ சொந்தக்காரர்கள் வீட்டுக்கோ போகும். ஒன்று முனியப்பனுக்கு. சேலத்தைச் சுற்றிலும் முனியப்பன் இல்லாத திசை கிடையாது, ஆடியில் சேவல் கேட்காத முனியப்பனும் அபூர்வம். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும். விதைப்பு நேரத்தில், தீவனம் குறைந்து, அடைக்கவும் வேண்டிய நேரத்தில் மிச்ச சேவல்களைக் கழிக்க ஒரு வழி செய்து வைத்திருக்கிறார்களே, அதை நினைத்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது. மகளுக்கு இது கஷ்டமான வாரம். போன வருஷம் ஒரு சேவலைக் காட்டி, “அப்பாயி, இவன மட்டும் வச்சுக்கலாமா?” என்றாள். அத்தை உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “ரெண்டு சேவல் ஒரு பட்டியில நிக்காது கண்ணு. வச்சுக்கணும்னா பெரியவன அனுப்பணும், நீயே சொல்லு” என்றார். அவள் இரண்டு நாள் யோசித்தாள். கடைசியில் பெரியவன் போனான், அவள் கேட்டது நின்றது. இப்போதும் எங்கள் பட்டிக்கு அதுதான் சேவல்.

பட்டி என்பது வீட்டுக்குத் தெற்கே, வேப்ப மரத்தடியில், ஆள் உயரத்துக்குக் கம்பி வலை கட்டிய இடம். ராத்திரி அடைய உள்ளே ஒரு கூடு. “கட்டிப் போட்ட கோழி முட்டையில மஞ்சக் கரு வெளுத்துப் போவும்” என்பது அத்தையின் நிரந்தரப் புகார். அது உண்மைதான். மஞ்சள் கருவின் நிறம் கோழி தின்னும் பச்சையில் இருந்து வருவது. வெளியே மேய்கிறபோது கருவில் ஆரஞ்சு நிறம் அடிக்கும், அடைத்துவைத்த மாதத்தில் நாங்கள் ஒன்றும் செய்யாமல் விட்டால் வெளுத்துவிடும். ஆகவே இந்த ஆறு மாதமும் தோட்டம் கோழிக்குப் படி அளக்க வேண்டும் என்று வீட்டில் ஒப்பந்தம். முருங்கைக் கீரையில் வயிற்றுக்குப் போக மிச்சம், முற்றின தண்டுக்கீரை, பூச்சி அரித்த முட்டைக்கோஸ் இலை, வெண்டையில் முற்றலானது எல்லாம் பட்டிக்குப் போகும். கிணற்று மேட்டு நிழலில் தார்ப்பாய் விரித்த ஒரு சின்னக் குழியில் தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா என்ற தீவனப் பெரணி வளர்கிறது. மரவள்ளி இலையை மட்டும் கிட்டேயே கொண்டுபோகமாட்டோம். அதில் விஷம் உண்டு, ஆடு தின்று செத்த கதை இந்தப் பக்கம் எல்லார் வீட்டிலும் இருக்கும்.

புழு, பூச்சி மகன் பொறுப்பு. இந்த வேலையை அவனிடம் இருந்து யாராலும் பிடுங்க முடியாது. ஒரு பழைய மண்பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, மக்கின தென்னை மட்டைத் தூள் எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைப்பான். விடிந்ததும் தூக்கிப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெளேர் என்று கரையான் ஏறியிருக்கும். அதைக் குஞ்சுகளுக்கு முன்னால் உதறும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். குஞ்சு சீக்கிரம் எலும்பு பிடித்து வளர இதைவிடச் செலவில்லாத புரதம் எனக்குத் தெரியவில்லை. மழை அதிகமான நாளில் பானையில் கரையான் ஏறாது, அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகிற வரை முகம் தொங்கிக்கொண்டிருக்கும்.

அப்புறம் எரு. மாமா கோழிகளை ஒத்துக்கொள்வதே இதற்காகத்தான். ஆட்டெரு, மாட்டெருவைவிடக் கோழி எருவில் தழைச்சத்து அதிகம். பறவைகள் தனியாக மூத்திரம் பெய்வதில்லை, எல்லாம் அந்த எச்சத்தில் வெள்ளையாகச் சேர்ந்து வந்துவிடுகிறது. அதனாலேயே பச்சையாகப் போட்டால் வேர் கருகும். ஊரில் ‘கோழி எரு சூடு’ என்பது இதைத்தான். கூட்டில் வழித்ததை வேப்பிலைச் சருகு, கடலைக்கொடி, மாஞ்சருகு இவற்றோடு அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காட்டி, ஐந்தாறு மாதம் ஆறப்போடுவார் மாமா. அடுப்புச் சாம்பலை அந்தக் குவியலில் கொட்ட அவர் விடமாட்டார். சாம்பல் பட்டால் அமோனியா ஆவியாகக் கிளம்பிவிடும், மூக்கில் ஏறுகிற அந்த நெடிதான் பயிருக்குப் போக வேண்டிய சத்து. சாம்பலுக்கு வேறு வேலை இருக்கிறது. பட்டியின் ஒரு மூலையில் புழுதியோடு கலந்து கொட்டிவைத்தால் கோழிகள் அதில் புரண்டு குளித்துப் பேனை உதிர்த்துக்கொள்கின்றன.

அடைப்பு என்றால் ஆறு மாதமும் பூட்டு என்று அர்த்தம் இல்லை. புரட்டாசி வாக்கில் அவரைக்கொடி பந்தலில் ஏறி, தண்டு தடித்துவிட்டால், சாயங்காலம் அடைய ஒரு மணி நேரம் இருக்கும்போது மாமாவே கதவைத் திறந்துவிடுவார். இருட்டு கட்டுவதற்கு முன்னால் கோழி தானாகக் கூட்டுக்குத் திரும்பிவிடும், யாரும் விரட்ட வேண்டியதில்லை. கொஞ்ச நேரந்தான் என்பதால் பெரிய குழி தோண்ட அவற்றுக்கு அவகாசமும் கிடைக்காது. பந்தலுக்கடியில் உதிர்ந்த பூச்சி, முருங்கையில் இருந்து இறங்கின புழு என்று பொறுக்கிவிட்டுப் போகும். அந்த ஒரு மணி நேரத்தில் மாமா கயிற்றுக் கட்டிலைப் பந்தல் ஓரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். காவலுக்கு என்று சொல்வார். பக்கத்தில் போய் உட்கார்ந்தால் எந்தக் கோழி எந்தப் பூச்சியைத் தின்றது என்று வரிசையாகச் சொல்வார்.

அத்தையின் கட்சிக்கு வருகிறேன். அவர் பிறந்த ஊர் எடப்பாடிப் பக்கம். ஆட்டுக்கும் கோழிக்கும் பேர்போன கொங்கணாபுரம் சனிச்சந்தை கைக்கெட்டும் தூரம். அங்கே பார்த்துப் பார்த்து வளர்ந்த கண். ஒரு கோழி அடைக்கு உட்காரப் போகிறது என்பதை அவர் இரண்டு நாள் முன்னாலேயே சொல்லிவிடுவார். கேறுகிற சத்தம் மாறும், இறகைச் சிலிர்த்துக்கொண்டு நடக்கும், முட்டையிட்ட இடத்தைவிட்டு எழாது. எங்களுடையவை சிறுவிடை என்ற சின்ன உடம்பு நாட்டுக்கோழிகள், அவற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டைக்குமேல் வைக்கமாட்டார், இறகுக்குள் அடங்காதது குளிர்ந்து வீணாகும் என்பார். கூடையில் மணல் பரப்பி, மேலே வைக்கோல், அதில் ஒரு இரும்புத் துண்டு, ஒரு அடுப்புக்கரி, இரண்டு வரமிளகாய். இடி இடித்தால் முட்டை கெடாமல் இருக்க என்பது நம்பிக்கை. அவருடைய அம்மா வைத்தார், அவர் வைக்கிறார், மகளும் இப்போது மிளகாயை மறக்காமல் எடுத்துவருகிறாள்.

ஏழாம் நாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு முட்டை பார்ப்போம். முட்டைக்குப் பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடித்தால் உள்ளே சிலந்தி வலை போலச் சிவப்பு நரம்பு ஓடுவது தெரியும். ஒன்றும் தெரியாமல் வெளிச்சம் அப்படியே ஊடுருவினால் அது கரு கூடாத முட்டை, எடுத்துவிடலாம். விட்டால் அழுகிக் கூமுட்டையாகி, வெடித்து மற்றவற்றையும் கெடுக்கும். இருபத்தொரு நாள் கணக்கு. அந்த நாட்களில் தாய்க்கோழி ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் எழுந்து, அவசரமாகக் கம்பும் தண்ணீரும் எடுத்து, எச்சமிட்டுவிட்டு ஓடிவந்து உட்கார்ந்துகொள்ளும். கடைசி இரண்டு நாளில் முட்டைக்குள் இருந்தே குஞ்சு கத்தும். வெளியில் இருந்து தாய் தாழ்ந்த குரலில் பதில் கொடுக்கும். பிள்ளைகள் இரண்டும் கூடைக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு படுத்துக்கிடப்பார்கள். அன்றைக்குப் படி, எழுது என்று நான் சொல்வதில்லை.

பொரிப்பை அத்தை தை, மாசிக்கு வைப்பார். ஐப்பசி மழையில் குஞ்சு நனைந்தால் விறைத்துவிடும், அக்கினி வெயிலும் ஆகாது. பொங்கல் கழிந்து நிலம் கோழிக்குத் திறக்கிற நேரமும் அதுதான் என்பதால், பிறக்கிற குஞ்சு முதல் வாரத்திலேயே காய்ந்த பாத்திகளில் தாய்க்குப் பின்னால் ஓடக் கற்றுக்கொள்கிறது.

மேய விட்டால் எதிரி வரும். பருந்து, வல்லூறு, கீரி, பாம்பு. சேவல் எழுப்புகிற சத்தத்திலேயே வந்திருப்பது வானத்திலா தரையிலா என்று தெரிந்துவிடும். மேலே நிழல் ஆடினால் ஒரே இழுப்பாக ஒரு குரல், அதைக் கேட்ட மறுகணம் குஞ்சு எல்லாம் செடிக்கடியில் மறைந்திருக்கும். தரையில் என்றால் விடாமல் கெக் கெக் கெக் என்று கத்தும், கோழிகள் ஓடாமல் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்று ஒரே பக்கம் பார்க்கும். அந்தப் பக்கம் கம்போடு போனால் போதும். மயில் வேறு கதை. கோழியை ஒன்றும் செய்யாது, ஆனால் மலையில் இருந்து இறங்கி வந்து தக்காளியையும் மிளகாய் நாற்றையும் கொத்திவிட்டுப் போகும். தேசியப் பறவை, சட்டப் பாதுகாப்பு உள்ளது, அதன்மேல் கை வைக்கவும் கூடாது, வைக்க மனசும் வராது. பாத்திக்கு மேலே பழைய வலையைக் கட்டுவதோடு சரி.

ஒரு கோடையில் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் வெள்ளைக்கழிச்சல் விழுந்தது. ராணிக்கேத் என்று மருத்துவர்கள் சொல்வது. வைரஸ் நோய், வந்தபின் மருந்து கிடையாது. பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து திருகிக்கொள்ளும், ராத்திரி நன்றாக இருந்த கோழி விடியும்போது கிடக்கும். எங்கள் பட்டியில் பாதிக்குமேல் போயின. அத்தை அந்த வாரம் கூட்டுப் பக்கம் போகவே இல்லை. குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தது எல்லாம் மாமா. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து வைத்தார், மண்வெட்டியால் தள்ளவில்லை. மிஞ்சிய கோழிகளுக்கு அவரே பிளாஸ்கில் ஐஸ் கட்டி போட்டுக்கொண்டு போய்த் தடுப்பு மருந்து வாங்கிவந்தார். தோட்டக் கட்சி, கோழிக் கட்சி என்று நான் சொல்கிறதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த வாரத்தில் எனக்குப் புரிந்தது.

கோழி வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். குஞ்சு பிறந்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாவது வாரத்தில் இறக்கைக்கடியில் ஒரு ஊசி. பிப்ரவரி மாதத்தில் கால்நடைத் துறை ஊர் ஊராகக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது, காசு கிடையாது. கீழாநெல்லி, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம், மஞ்சள் அரைத்து உருட்டிக் கொடுக்கிற பழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு, கோழி தெம்பாக இருக்கிறது. ஆனால் அது தடுப்பூசிக்கு மாற்று ஆகாது. புதிதாக ஒரு கோழி வாங்கினால் இரண்டு வாரமாவது தனியாகக் கூடையில் கவிழ்த்து வைத்துப் பார்த்த பிறகே கூட்டத்தோடு விடுங்கள். சந்தையில் நோயும் சேர்ந்தே விற்பனைக்கு வரும்.

கோடையில் கோழிகள் அதிகம் உழைப்பது மாமரத்தடியில். எங்களிடம் ஒரு சேலம் குண்டும் ஒரு மல்கோவாவும் இருக்கின்றன. பழ ஈ முட்டையிட்ட பழம் கீழே விழுந்தால், உள்ளே இருக்கும் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும், அதில் இருந்து மறுபடியும் ஈ கிளம்பும். கோழி அந்தப் பழத்தையும் தின்னும், மண்ணைச் சீய்த்துக் கூட்டுப்புழுவையும் எடுத்துவிடும். ஆடியில் எந்தச் சீய்ப்புக்காகத் திட்டு வாங்குகிறதோ, அதே சீய்ப்பை சித்திரையில் மாமா கட்டிலில் படுத்தபடி மகிழ்ச்சியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். காய்ந்த பாத்திகளிலும் இதே வேலைதான். களை விதையும் பூச்சி முட்டையும் போய், ஆனியில் மண் பொலபொலவென்று கிடக்கும்.

முட்டைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் நாமக்கல் இருக்கிறது, 1997 வரை சேலம் மாவட்டத்தோடு இருந்த ஊர்தான். அங்கே பண்ணைக் கோழி வருஷத்துக்கு முந்நூறு முட்டைக்குமேல் இடும். எங்கள் நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து இட்டால் அடைக்கு உட்கார்ந்துவிடும், குஞ்சு பிரியும் வரை முட்டை இல்லை. வருஷம் அறுபது எழுபது வந்தால் நல்ல கோழி. பிள்ளைகள் பள்ளிச் சத்துணவில் சாப்பிடுவது பண்ணை முட்டைதான், நல்ல சத்தான உணவு, அதைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. அதோடு போட்டி போடவும் எங்களால் முடியாது, தேவையும் இல்லை. எங்கள் கோழி குஞ்சு கொடுக்கிறது, எரு கொடுக்கிறது, பூச்சி பிடிக்கிறது, காவல் காக்கிறது. முட்டை அதற்கு நடுவில் கிடைப்பது.

இந்த வருஷம் புதிதாக ஒரு யோசனை ஓடுகிறது. பட்டி பல வருஷமாக ஒரே இடத்தில் இருப்பதால் அந்த மண்ணில் குடற்புழுவும் ரத்தக்கழிச்சல் கிருமியும் தங்கிவிடுகின்றன என்று அத்தைக்குக் கவலை. அந்த மண்ணில் மட்டும் பூசணி போட்டால் எப்படி வரும் என்று மாமாவுக்கு நெடுநாள் ஆசை. ஆக இரண்டு பட்டி, வருஷம் மாற்றி வருஷம். கோழி இருந்த இடத்தில் மறு ஆடிக்குப் பாத்தி, பாத்தி இருந்த இடத்துக்குக் கோழி. புதுப் பட்டிக்குக் கிளுவைப் போத்து நட ஆளிடம் சொல்லியாகிவிட்டது, மழை பிடித்ததும் வருவார். கதவு எந்தப் பக்கம் என்பதில் மட்டும் இன்னும் பேச்சு முடியவில்லை. காலை வெயில் கூட்டுக்குள் விழ வேண்டும், கிழக்கே வை என்கிறார் அத்தை. கிழக்கே வைத்தால் நேராக வெண்டைப் பாத்தி, மேற்கே வை என்கிறார் மாமா.